பழையாறும் ‘பழக்கப்பட்ட’ கைகளும்

(பழையாற்றங்கரையில் உள்ள ஒரு சேரியில், இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை வழக்கமாகக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு நான் கவிதை கொண்டுவரவில்லை. போன மாதம் இதே ஆற்றங்கரையில், இங்கிருந்து கொஞ்சம் மேலே, ஒரு கவிதை வாசித்தேன். அதைப் பற்றின வாக்குமூலத்தோடுதான் பேச்சைத் தொடங்கணும். அதைச் சொல்லாமல் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

பழையாற்றைப் பாதுகாக்கணும்னு டவுனில் ஒரு குழு இருக்கு. ரிட்டயர்டு வாத்தியார், வக்கீல், டாக்டர், கடைக்காரர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் என்று நல்ல மனுசங்க சேர்ந்த குழு. ‘நல்ல மனுசங்க’ என்று கிண்டலாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தை விட்டு எழுந்துவந்து, சொந்தக் காசில் சாக்குப்பை வாங்கி, அடுத்தவன் போட்ட குப்பையைப் பொறுக்குகிறவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தக் குழுவில் ஒருவர் வங்கிக்கு வந்துபோகும் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தவர். நான் கவிதை எழுதுகிறவன் என்பதும் அவருக்குத் தெரியும், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். முதலில் கவிதை கேட்டார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“சார், சாக்கடை ஓடை வந்து விழுற எடத்துல ஆகாயத்தாமரையும் சகதியுமா கெடக்கு. நம்ம ஆளுக எறங்க மாட்டாவ. ஒங்க பக்கத்துப் பயலுவ ஒரு பத்துப் பேரக் கூட்டிட்டு வாங்க. அவனுவளுக்குப் பழக்கம்லா?”

நான் என்ன சொல்லியிருக்கணும்? சொல்லலை. “சரி சார்”னு சொன்னேன்.

என் அக்கா மகன் பி.காம் கடைசி வருசம் படிக்கிறான். அவனுக்குப் போன் பண்ணினேன். அவனும் கூட்டாளிகளுமாக ஒன்பது பேர் வந்தாங்க. ஒருத்தன் பாலிடெக்னிக், ஒருத்தன் செல்போன் கடை, ஒருத்தன் ஐ.டி.ஐ. மண்வெட்டி பிடித்து அறியாத கைகள். அவனுகளுக்குப் ‘பழக்கம்’ கிரிக்கெட் மட்டையும் கம்ப்யூட்டரும்தான். ஆனால் வந்தவுடனே யாரும் சொல்லாமலே ஒரு பிரிவினை நடந்துபோச்சு. நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினாங்க. பெரியவர்கள் பேனர் பிடித்தாங்க. நம்ம ஒன்பது பேரும் ஓடை விழுகிற இடத்தில் இடுப்பளவு சகதியில் இறங்கினாங்க. கையுறை இல்லை, கால்உறை இல்லை. நான் கரைமேல், மைக் முன்னால், ஆற்றைத் தாய் என்று பாடிக்கொண்டிருந்தேன்.

உடைந்த பாட்டில் மருமகனின் காலைக் கிழித்தது. நாலு தையல். அப்புறம் காய்ச்சல், பத்து நாள் படுக்கை. மறுநாள் ஒரு பத்திரிகையில் போட்டோ வந்தது. பேனர் இருந்தது, மைக் இருந்தது, நான் இருந்தேன். ‘சமூக ஆர்வலர்கள் தூய்மைப் பணி’ என்று போட்டிருந்தது. சகதிக்குள் நின்ற ஒரு முகம்கூட அதில் இல்லை. பார்க்கப் போனபோது அவன் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “நீங்க எங்க மாமா நின்னீங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்னிக்கு இங்கே நிற்கிறேன். அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கான். அந்த ஒன்பது பேரும் “இனி ஆத்துப் பக்கம் போகமாட்டோம், அது அவங்க ஆறு, அவங்களே கழுவட்டும்” என்று முடிவெடுத்திருக்கிறதா சொன்னாங்க. அந்தக் கோபம் நியாயமானது. முடிவு சரிதானா என்பதைத்தான் நாம் சேர்ந்து யோசிக்கணும்.

முதலில் ‘பழக்கம்’ என்கிற இந்த வார்த்தையைப் பார்ப்போம். ரொம்பச் சாதுவான வார்த்தை. கெட்ட வார்த்தை ஏதும் இல்லை, சாதிப் பெயர் இல்லை. ஆனால் பல நூற்றாண்டின் கட்டாயத்தை அது ஒருவனுடைய சுபாவம் மாதிரி மாற்றிவிடுகிறது. நமக்குச் சகதி பழக்கமானது எப்படி?

இந்த ஜில்லா 1956 நவம்பர் 1 வரைக்கும் தமிழகத்தோடு இல்லை, திருவிதாங்கூரோடு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ராஜ்ஜியத்தில் ‘ஊழியம்’னு ஒன்று இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்துகொடுக்கணும் என்கிற வேலை. அப்பால், வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்தில், 1858ஆம் வருடத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒரு சட்டமே போட்டாங்க. ஏரி, வாய்க்கால் கரை உடைகிற ஆபத்து வந்தால் உடலுழைப்பு வர்க்கத்தினரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசுகிறார்களே, ஊர் கூடி ஏரியைப் பராமரித்த பொற்காலம் என்று, அந்தக் ‘குடி’யில் மண்வெட்டி பிடித்தது யார், வரப்பில் குடையோடு நின்றது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பேச்சிப்பாறை அணையை எடுத்துக்குங்க. 1897இல் வேலை தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டின எஞ்சினியர் மிஞ்சின் என்கிற வெள்ளைக்காரர். சனங்க ‘மூக்கன் துரை’ன்னு பெயர் வைத்தாங்க. பேச்சிப்பாறையிலேயே அவருக்குச் சமாதி இருக்கு. இருக்கட்டும், அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லையும் மண்ணையும் சுமந்தவர்களுக்கு எங்கே சமாதி? பேர்கூட இல்லை. பதிவேட்டில் எழுதப்படாத கைகள்தான் ‘பழக்கப்பட்ட’ கைகள்.

என் பாட்டா இந்த ஆற்றின் கால்களில் தூர் எடுத்தவர். கும்பப்பூ அறுவடை முடிந்து, அணை அடைத்து, சானல் வற்றிக் கிடக்கிற மாசங்களில்தான் அந்த வேலை. பனையோலைக் கடவத்தில் சகதியை அள்ளித் தலைக்குமேல் கைமாற்றிக் கரையேற்றணும். கூலியை நெல்லாக அளப்பாங்க. ஜூனில் தண்ணி விட்டு, அந்தக் கால் வழியாகப் போய்க் கன்னிப்பூ விளைகிற வயலில் பாட்டாவுக்கு ஒரு சென்ட் கிடையாது. அதே தண்ணி ஆற்றில் ஓடும்போது அவர் குளிக்கிற கடவும் வேற. எங்க ஊரில் மேலே அவங்க கடவு, அதற்குக் கீழே துணி வெளுக்கிற துறை, அதற்குக் கீழே மாடு குளிப்பாட்டுற இடம், அதற்கும் கீழே எங்க கடவு. அம்மை சொல்லும்: “நமக்கு வாற தண்ணி எல்லாரையும் பாத்துட்டுத்தான் மக்ளே வரும்.” ஆறு ஒண்ணுதான். ஆனால் ஆற்றுக்குள்ளேயே தெரு இருந்தது.

சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் எல்லாரும் நடக்கணும் என்று 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னின்றார்கள். இதே பழையாற்றங்கரை பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவும் தீண்டாமைக்கு எதிரான அந்தக் காலப் போராட்டங்களில் நின்றவர். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவுக்கும் கோயிலுக்கும் பிரகடனம் வந்தது. எங்க ஊர்க் கடவுக்கு எந்தப் பிரகடனமும் வந்து சேரவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததால் அந்தக் கடவுகள் காலியாகிப் போச்சே தவிர, எல்லாரும் சேர்ந்து குளித்ததால் தீட்டு ஒழிந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

தண்ணீர் ‘பொது’ என்று சொல்வது எவ்வளவு பெரிய சண்டை என்பதை பாபாசாகேப் நமக்குக் காட்டினார். மகாட் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் பொதுக்குளம். 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அவர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் காகிதத்தின் லட்சணம் தெரிந்தது. அடி விழுந்தது. அப்புறம் சாணமும் கோமியமும் குடம் குடமாக ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ பண்ணினார்கள். கவனியுங்க தோழர்களே, சுத்தம்! நீர்நிலையைச் சுத்தம் பண்ணுகிறது என்கிற சொல்லுக்கு நம்ம நாட்டில் இப்படி ஒரு சரித்திரமும் உண்டு. வழக்கு நடந்து பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937இல். ஒரு கை தண்ணிக்குப் பத்து வருசம்.

அது பழைய கதை என்பார்கள். 1999 ஜூலை 23, பக்கத்து ஜில்லாவில், நெல்லையில். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் மேல் தடியடி. அடிக்குப் பயந்து தாமிரபரணிக்குள் இறங்கினவர்களில் 17 பேர் பிணமாகக் கரையேறினார்கள். பெண்கள் உண்டு, பச்சைக் குழந்தை உண்டு. பெரும்பாலும் நம்ம சனம். 2018இல் அதே ஆற்றில் புஷ்கரம் கொண்டாடினார்கள், ஆயிரமாயிரமாய்த் தீர்த்தமாடினார்கள். ‘தாமிரபரணித் தாயே’ என்றார்கள். அந்தத் தாய் மடியில் செத்த 17 பேரை எத்தனை பேர் நினைத்தார்கள்?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நம்ம மனிதர் ஒருவருடைய பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாதை ஆதிக்கசாதியாரின் நிலம் வழியாகப் போகுது, விடமாட்டோம் என்றதால். ஆற்றுக்குள் இறங்க உயிரோடு இருக்கிறவனுக்கும் வழி கிடையாது, செத்தவனுக்கும் வழி கிடையாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் நம்ம குடியிருப்பின் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கிற நாட்டில் “ஆற்று விசயத்தில் சாதியைக் கொண்டுவராதீங்க சார்” என்று ஒருவர் என்னிடம் சொல்கிறார். நான் கொண்டுவரவில்லை ஐயா. அது உங்களுக்கும் எனக்கும் முன்னாலேயே வந்து கடவில் உட்கார்ந்திருக்கு.

சரி, அப்படியானால் நம்ம பிள்ளைகள் எடுத்த முடிவுதானே சரி? அவங்க ஆறு, அவங்களே கழுவட்டும்?

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஆற்றின் போக்கைக் கொஞ்சம் பாருங்க. சுருளோட்டுப் பக்கத்து மலையில் பிறந்து, பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலுக்குப் போகிறது. சுமார் 40 கிலோமீட்டர்கூட வராத சின்ன ஆறு. பரளியாற்றுத் தண்ணியைப் பாண்டியன் கால்வாய் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து இதில் சேர்த்திருக்காங்க. வீரப்புலி, சபரி, குமரி, சோழன்திட்டை என்று வழியெல்லாம் அணைகள். நாஞ்சில்நாட்டை நெற்களஞ்சியம் என்று சொல்லவைத்தது இந்த ஏற்பாடுதான். இதே ஆறு நாகர்கோவிலைத் தொட்ட உடனே டவுன் சாக்கடையை வாங்கிக்கொள்ளுகிறது. 2019இல் நகராட்சி மாநகராட்சியானது. பாதாளச் சாக்கடைத் திட்டம் வருசக்கணக்கில் இழுபட்டது. அதற்குள் ஆற்றின் கீழ்ப்பகுதி என்ன ஆனது?

ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டுகிறது என்று யாராவது யோசித்தோமா? சாக்கடையில் இருக்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதற்குச் சாப்பாடு. சாப்பாடு வந்துகொண்டே இருந்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே அது இரட்டிப்பாகும். மேலே பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும், வெயில் உள்ளே போகாது, தண்ணியில் ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். ஆக, சாக்கடை விழுவதை நிறுத்தாமல் ஆகாயத்தாமரையை மட்டும் பிடுங்கினால் அடுத்த மாசமும் பிடுங்கணும், அதற்கடுத்த மாசமும் பிடுங்கணும். ‘பழக்கப்பட்டவன்’ ஒருத்தன் நிரந்தரமாகத் தேவைப்படுவான். இந்த வகைத் தூய்மைப் பணி ஆற்றைச் சுத்தமாக்காது. நம்மைத் தோட்டிகளாக்குவதைத்தான் புதுப்பிக்கும்.

இந்தச் சாக்கடையெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? கீழே. கீழே இருக்கிறது யார்? தாழ்வான இடம் பார்த்துத்தான் நமக்குச் சேரி ஒதுக்கினார்கள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணி புகுந்தது என்று இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். ‘காலனி’ என்கிற பெயரை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், நல்லது. பெயரை எடுக்கலாம், பள்ளத்தை எடுக்க முடியலையே! நமக்கும் கீழே சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்து உலகப் பெருமை கொடுத்தார்கள். அதற்கும் கீழே மணக்குடிக் காயல், மீன்பிடித் தொழிலாளர். 2004 சுனாமியில் பாலமும் உயிர்களும் போன ஊர். கதம்பல் அழுகப்போட்டுக் கயிறு திரித்துப் பிழைத்த பெண்கள். ஆற்றை நாம் கைவிட்டால் அது போய்ச் சேருகிறது அவர்கள் தலையில். மேலேயிருப்பவன் கீழேயிருப்பவனுக்குச் செய்கிற அதே காரியத்தை நாமும் செய்கிறோம் என்றாகும்.

நான் வங்கி எழுத்தர். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கூட்டுக் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கிலும் யார் வேணாலும் பணம் கட்டலாம், கவுண்டரில் யாரும் தடுக்கமாட்டோம். எடுக்கணும் என்றால் கையெழுத்து வேணும். கணக்கு திறக்கும்போது விண்ணப்பத்தில் பெயர் இருந்து, மாதிரிக் கையெழுத்து அட்டையில் கையெழுத்து இருந்தால்தான் அவன் கணக்குதாரன். கூலிப்பணத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, எடுக்கப் போனால் “உங்க பேரு இதுல இல்லியேம்மா” என்று சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கு. அந்த முகங்களை மறக்க முடியாது.

பழையாறு அப்படிப்பட்ட ஒரு கணக்கு. பாட்டா கட்டினார், அப்பன் கட்டினார், அம்மை கட்டினாள். நூறு நாள் வேலையில் ஓடை தூர்வாரிய வகையில் என் அக்கா கட்டியிருக்கிறாள். போன மாதம் அவள் மகன் ரத்தத்தையே கட்டினான். விண்ணப்பத்தில் மட்டும் நம்ம பெயர் இல்லை. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டம் போட்டுத் தண்ணீர் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தார்கள். நில உடைமையாளர்தான் உறுப்பினர். நிலம் இல்லாதவன் அந்தத் தண்ணியில் நாத்து நட்டாலும், களை பறித்தாலும், அதிலேயே குளித்தாலும் ‘தண்ணீர் பயன்படுத்துவோர்’ ஆகமாட்டான். சட்டம் செய்ததையே டவுன் குழுவும் செய்கிறது. வேலைக்குப் பத்துப் பேர் வேணும், கமிட்டியில் ஒருத்தர்கூட வேணாம்.

ஆகவே, விலகிப் போவது என்பது கட்டின பணத்தை அப்படியே விட்டுட்டு வருகிற மாதிரி. நான் சொல்வது, கணக்கில் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கணும் என்பது. இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்கலாம். பக்கத்துக் கேரளத்தில், பாலக்காடு ஜில்லா பிளாச்சிமடையில் நடந்திருக்கு. கோக்கோ கோலா ஆலை நிலத்தடித் தண்ணியை உறிஞ்சியது, கிணற்றுத் தண்ணி கெட்டுப்போனது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் உட்கார்ந்தவர்கள் ஆதிவாசிகளும் தலித்துகளும். மயிலம்மா என்கிற ஆதிவாசிப் பெண் அந்தப் போராட்டத்தின் முகம். சூழலியல்வாதிகள், அறிஞர்கள், கட்சிகள் எல்லாரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலை உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள்தான் முன்வரிசை. மற்றவர்கள் தொண்டர்கள். நம்ம ஊரில் தலைகீழாக இருக்கு.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். இந்த ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் சாமிதோப்பு. வைகுண்டர் அங்கே முத்திரிக்கிணறு வெட்டவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில். தோளில் துணி போடவும், பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் உரிமை மறுக்கப்பட்ட காலம். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கணும், சேர்ந்து சாப்பிடணும் என்று வைத்தார். இதில் எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான்: ஒரு நீர்நிலையைப் ‘பொது’வாக்க அவர் அறிவிப்புப் பலகை வைக்கவில்லை. உடம்புகளை ஒன்றாக அதற்குள் இறக்கினார்.

டவுன் குழுவுக்கு நாம் ஒரு கடிதம் எழுதணும். மூன்று விசயம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒன்று, சாக்கடை விழுகிற வாயில் எந்தச் சாதிக்காரனும் இறங்கக் கூடாது. நாமும் வேணாம், அவர்களும் வேணாம். அது இயந்திரத்தின் வேலை, மாநகராட்சியின் பொறுப்பு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைச் சாக்கடைக்குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. சாக்கடைச் சாவுக்கு நட்ட ஈடு பத்து லட்சமாக இருந்ததை முப்பது லட்சமாக உயர்த்தி உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ‘தன்னார்வம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அதே வேலை குற்றமில்லாமல் போய்விடுமா? குழுவுக்கு உண்மையிலேயே ஆற்றின் மேல் அக்கறை இருக்குமானால் முதல் வேலை மாநகராட்சி வாசலிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும். அங்கே பேனர் பிடிக்கட்டும். நாமும் கூட நிற்போம்.

இரண்டு, மற்ற இடத்துச் சகதிக்கு முறை எழுதணும். வக்கீல், டாக்டர், பேங்க் கிளார்க், மாணவன், கொத்தனார், எல்லார் பெயரும் ஒரே பட்டியலில். சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பெயர் வருதோ அவர் இறங்கணும், எல்லார் கையிலும் உறை, காலில் பூட்ஸ். வயசானவர், முடியாதவர் கணக்கு எழுதட்டும். ‘பழக்கம் இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது. இறங்கினால் பழகிவிடும். நம்ம பாட்டாவுக்கும் பிறக்கும்போது பழக்கம் இருக்கவில்லை.

மூன்று, கமிட்டியில் கையெழுத்து. சேரியிலிருந்து பாதிப்பேர் பெண்களாக இருக்கணும், மணக்குடிக் கடற்கரை மக்களும் இருக்கணும். ஒரு கூட்டம் டவுன் ஹாலில் நடந்தால் அடுத்த கூட்டம் இங்கே, அதற்கடுத்தது காயல்கரையில். ஆற்றைப் பாதுகாப்பது என்றால் கடவையும், சுடுகாட்டுப் பாதையையும், வெள்ளம் புகாத வீட்டையும் சேர்த்துப் பாதுகாப்பதுதான் என்று தீர்மானத்தில் எழுதணும். எழுதினால் அது நம்ம ஆறு.

இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? நம்ம குழுவை நாமே தொடங்குவோம், அவர்களில் வர விரும்புகிறவர்களைச் சேர்த்துக்கொள்வோம். வருவார்கள். அன்றைக்கு மருமகன் காலில் ரத்தம் வந்தபோது, சட்டை பேன்ட்டோடு சகதியில் குதித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்தக் குழுவிலிருந்த வாத்தியார்தான். அதையும் நான் சொல்லணும். சகதி தன்மேல் பட்டபிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை வேற மாதிரி இருந்தது. நானும் கரையில் நிற்கிறேன் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். நானும்தான்.

படித்து, உத்தியோகம் பார்த்து, டவுனில் வாடகைக்கு வீடு எடுத்து, சட்டை கசங்காமல் மைக் முன்னால் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. ஆள் பிடித்துக்கொடுக்கிற கங்காணி வேலையை நமக்குத் தெரியாமலே நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். ‘உங்க பக்கத்துப் பயலுவ’ என்று சொல்லும்போது அந்தப் ‘பயலுவ’ளில் நானும் ஒருத்தன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தால் நாலு தையல் மிச்சம்.

கடிதம் மேசைமேல் இருக்கு. படித்துப் பாருங்க, திருத்தணும் என்றால் திருத்துங்க. வரிசை எண் ஒன்றில் என் கையெழுத்தைப் போட்டிருக்கேன். இரண்டாம் இடத்தைக் காலியாக விட்டிருக்கேன். அதில் அவன் போடுவானா மாட்டானா என்பது அவனுடைய முடிவு. நான் வற்புறுத்தப்போவதில்லை. இங்கே வருவதற்கு முன்னால் அவன் இன்னொரு கேள்வி கேட்டான்: “சீட்டுல ஒங்க பேரு வந்தா எறங்குவீங்களா மாமா?”

எறங்குவேன் மக்ளே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் மைக் இருக்காது.